கிரைண்டர் நிற்பதே இல்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 38. கோவையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஆரம்பித்தது, இன்று நாலு மளிகைக் கடை, ஒரு மெஸ் என்று தினமும் 60 கிலோ.

காலை 4 மணிக்கு எழுந்தால், ராத்திரி கிரைண்டர் கழுவிப் படுக்க 11.30 ஆகிறது. இந்தக் குளிரில் மாவு பொங்கவே பன்னிரண்டு மணி நேரம் கேட்கிறது. ஒரு நாள் பொங்காமல் போனால் கடைக்காரர் பேச்சைக் கேட்க முடியாது. மெஸ்காரர் பத்தரைக்கு போன் செய்து, "நாளைக்கு அஞ்சு கிலோ சேர்த்துப் போடுங்கக்கா" என்பார். கிலோ 32 ரூபாய்க்குத்தான் எடுக்கிறார், ஆனால் தினமும் 25 கிலோ. எப்படி மாட்டேன் என்பது?

வீட்டில் யாருக்கும் என் கஷ்டம் புரியவில்லை. "ஆபீஸ் போனப்பவாவது உனக்கு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிடும்போது, "கிலோவுக்கு உன் கையில என்ன நிக்குது?" என்று கேட்டார். நான் தூங்காமல் உழைப்பது தெரியவில்லை, காசுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து அவரோடு சரியாகப் பேசுவதில்லை. உதவிக்கு வந்த பெண்ணும் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள்.

டைம்டேபிள் போட்டுப் பார்த்தேன். காலையில் நடை, மதியம் அரை மணி படுக்கை, ஞாயிறு லீவு. மூன்று நாள் தாண்டவில்லை. ஞாயிறுதான் மாவே அதிகம் போகும். கணக்கு எழுதக்கூட நேரமில்லை, ஆடிக்கு அப்புறம் நோட்டைத் திறக்கவேயில்லை, பீரோ மேல் கிடக்கிறது, பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, அது போகட்டும். போன வாரம் மகள் பள்ளிக்கூட மீட்டிங்கை மறந்தே போனேன். வீட்டுக்காரரும் போகவில்லை. காசைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவருக்கு, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை மேடம்.

உடம்பு கெடாமல் தொழிலை நடத்த நல்ல டைம்டேபிள் ஒன்று சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், கோவை

அன்புச் சகோதரி,

வீட்டுக்காரர் கேட்ட கேள்வி உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. நோட்டு ஒரே ஒரு வரியில் வந்து, "அது போகட்டும்" என்று போய்விடுகிறது. நான் அதைப் போகவிடப் போவதில்லை.

பதினோரு வருஷம் அடுத்தவர் கணக்கைப் பைசா பிசகாமல் பார்த்தவர் நீங்கள். ஒரு மாவுக் கணக்குக்கு நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை; கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரம் கிடைக்காத வேலையைப் பார்த்தால் அலுப்பு வரும். வயிற்றைப் பிசைந்தால் அது பயம்.

பங்குச் சந்தை இறங்கும் நாட்களில் முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை எட்டிப் பார்ப்பதே குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'தீக்கோழி விளைவு' என்று அதற்குப் பெயர். தீக்கோழி உண்மையில் மண்ணில் தலையைப் புதைப்பதில்லை, பாவம், நாம் செய்வதற்கு அதன் பெயர் கெடுகிறது. உங்களுக்கு அந்த மண் கிரைண்டர். அது ஓடும்வரை வேறெதுவும் காதில் விழாது. ராத்திரி பதினொன்றரை வரை மாடாய் உழைப்பவரிடம் கணக்கு கேட்க யாருக்கு மனசு வரும்? உங்களுக்கே வரவில்லை.

மெஸ்காரரிடம் ஏன் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை தெரியுமா? அந்த ஐந்து கிலோவில் காசு வருகிறதா போகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. கிலோவுக்கு என்ன நிற்கிறது என்று தெரிந்தவர் ஆர்டரைத் தள்ளலாம். தெரியாதவர் வருகிற போனுக்கெல்லாம் சரி சொல்லித்தான் தீர வேண்டும். உங்கள் டைம்டேபிள் மூன்றாம் நாளே உடைவது இங்கேதான்.

பள்ளிக்கூட மீட்டிங் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அவர் போயிருக்க வேண்டும். தூங்கினாயா என்றும் கேட்டிருக்கலாம். ஆனால் "கிலோவுக்கு என்ன நிக்குது" என்பதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொண்டது சரியில்லை. வேறொரு மாவுக்காரர் தன் நோட்டைக் கொண்டுவந்து உங்கள் ஆபீஸ் மேஜையில் வைத்திருந்தால், நீங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வியும் அதுதான். அவர் கேட்டதற்காக வலிக்கவில்லை. பதில் இல்லாததால் வலித்தது.

நஷ்டம் என்று வந்துவிட்டால், நல்ல வேலையை விட்டது தப்பு என்று ஊரே சொல்லும். உங்கள் பயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நோட்டில் என்ன இருக்கப் போகிறது? உளுந்து விலை, கரண்ட் பில், கவர், கடையிலிருந்து புளித்துத் திரும்பி வந்த பாக்கெட். எதுவாக இருந்தாலும் விலையை மாற்றலாம், ஒரு கடையை விடலாம்.

டைம்டேபிள் நான் தரப் போவதில்லை. ஒன்று மட்டும்: நோட்டை ராத்திரியில் திறக்காதீர்கள். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரைப் போலத் தடுமாறுவதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நீங்கள் தினமும் பத்தொன்பதரை மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். பகலில் அரிசி ஊறும் நேரம் உங்களிடம் இருக்கிறது. அப்போது உட்காருங்கள். ஆடியிலிருந்து வேண்டாம், இந்த ஒரு வாரம் போதும். செலவுப் பக்கத்தில் உங்கள் கூலியையும் எழுதுங்கள், நின்றுபோன அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த சம்பளத்தையாவது. லீவு நாளில் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பில்லை வாசிக்க நீங்கள் எழுதுங்கள். கேட்டவரே கூட இருக்கட்டும்.

முதலில் மெஸ் கணக்கைப் போடுங்கள். அந்த 32 ரூபாய் மேல்தான் எனக்குச் சந்தேகம்.