லாரிக்கு முன்னால் நோட்டு

கேள்வி: அண்ணா, ஃபெஞ்சல் புயல் மழையின்போது எங்கள் பக்கம் நிவாரணப் பொருள் நிறைய வந்தது. ஒரு தெருவுக்குத் திரும்பத் திரும்ப பிரெட், அடுத்த தெருவுக்குக் குடிதண்ணீர்கூட இல்லை. பொருட்களைச் சரியாகக் கொண்டுசேர்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்குவது?
– பி.காம். மாணவர், அரூர்

பதில்: தம்பி, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப் போனது. அந்த மாதிரி நேரத்தில் கொடுக்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கே எத்தனை பேர், அங்கே என்ன இல்லை, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று ஒரே நோட்டில் எழுத ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளாக நீங்கள் வரவேண்டும்.

நான் கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை குடோனைப் பார்த்துக்கொள்பவன். எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சர்வதேச நிவாரணத் தரங்களைச் சொல்லும் 'ஸ்பியர்' கையேட்டின்படி குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் 200 பேர் தங்கியிருந்தால் 3,000 லிட்டர். பாட்டிலாக அனுப்பினால் மூன்று டன். முக்கால் டன் ஏற்றும் குட்டி யானை நாலு நடை போகவேண்டும், அதுவும் தினமும். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்று போனால் நாலு நாள் ஓடும். ஆனால் அங்கே பிடித்துவைக்கத் தொட்டி இருக்கிறதா? அத்தனை எடையோடு வண்டி தரைப்பாலத்தைத் தாண்டுமா? இதையெல்லாம் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசவேண்டும்.

அடுத்தது குடோன். மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வேண்டாம். கட்டை போட்டு அதன்மேல் அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, கட்டுங்கள். ஒவ்வொரு அட்டியிலும் ஓர் அட்டை தொங்கட்டும்: தேதி, வந்தது, போனது, இருப்பு, கையெழுத்து. பத்து பால்பவுடர் பெட்டி வெளியே போனால் அந்த நிமிடமே எழுதணும், சாயங்காலம் சேர்த்து எழுதலாம் என்று விடக்கூடாது. எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் போகட்டும். பழைய துணியைத் தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள். பிரிக்கவே ஆள் போதாது, நனைந்தால் இடம் முழுக்க நாறும்.

வண்டியோடு சலான், அதாவது என்ன பொருள், எத்தனை என்று எழுதிய சீட்டு, போகவேண்டும். இறக்கியவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்ட நகல் திரும்பி வந்தால்தான் பொருள் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

படிக்க விரும்பினால் 'காயா' என்ற இணையதளத்தில் நிவாரணப் பணிக்கான இலவசப் பாடங்கள் இருக்கின்றன. உலக உணவுத் திட்டத்தின் தலைமையில், நிவாரணப் பொருள் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டரின் வழிகாட்டிக் கையேட்டையும் இலவசமாகவே வாசிக்கலாம். அதற்கு முன்னால் உங்கள் ஊர் ரேஷன் கடையில் சரக்கு இறங்கும் நாளில் போய் நின்று பாருங்கள். விற்பனையாளரிடம் பணிவாகக் கேட்டால் இருப்புப் பதிவேட்டை எப்படி எழுதுகிறார் என்று சொல்லித் தருவார். மழைக்காலத்தில் இறங்கி வேலை செய்வதானால் முதலில் 1077-க்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி, எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.