நகையை வைத்து நர்சிங் சேரலாமா, இலவசத் தையல் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது, பத்தாம் வகுப்பு பாஸ். தாராபுரம் பக்கம் கிராமம். கணவருக்கு லோடு ஏற்றும் வேலை, வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் பெரிது. நான் நூறு நாள் வேலைக்கும் வெங்காயக் காட்டுக்கும் போகிறேன். இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு 4 வயது. டவுனில் ஒரு தனியார் மையத்தில் ஒரு வருட நர்சிங் படிப்புக்கு 28,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலை நிச்சயம் என்கிறார்கள். மகளிர் குழு அக்கா, இலவசத் தையல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார். இலவசம் என்றால் உருப்படியாக இருக்குமா என்று பயமாக இருக்கிறது. நகையை அடகு வைத்து நர்சிங் சேரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

நர்ஸ் ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டிப்ளமோவோ பட்டமோ படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு படித்தவரை ஒரே வருடத்தில் நர்ஸாக்கும் படிப்பு எதுவும் இல்லை. நீங்கள் சொல்கிற இந்த ஒரு வருடப் படிப்பை முடித்தவருக்கு மருத்துவமனையில் கிடைப்பது உதவியாளர் வேலைதான். அது மரியாதையான வேலை, நோயாளியைக் கவனிப்பது லேசுப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த உதவியாளர் பயிற்சியையே அரசுத் திட்டங்களில் பணம் வாங்காமல் தருகிறார்கள். இன்னொன்று: சில மையங்கள் அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் நின்றால் மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லி மிரட்டும். அப்படி மாட்டிக்கொண்ட பெண்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சரி, தையலுக்கு வருவோம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இலவசம் என்பதில் தப்பில்லை. எந்தத் தையல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார் வெட்டித் தைப்பது ஒரு தொழில். திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் மெஷினில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில் உட்காருவது வேறு தொழில். முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால் ஹெல்பர் என்றுதான் எடுப்பார்கள்.

பவர் மெஷின் பயிற்சியில் முதல் இரண்டு மூன்று நாள் துணியே தர மாட்டார்கள். நூல் கோக்காத ஊசி, கோடு போட்ட ஒரு தாள், அவ்வளவுதான். கோட்டின் மேலேயே ஊசி இறங்க வேண்டும். காலை லேசாக அழுத்தினாலே மெஷின் பாய்ந்து ஓடும், தாள் கிழியும். நேர்கோடு, வளைவு, மூலை திருப்புவது என்று கால் பழகிய பிறகுதான் துணி கைக்கு வரும். அப்புறம் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது), பிளாட்லாக் (தட்டையாகத் தைப்பது). நீங்கள் பெயர் கொடுக்கப்போகிற மையத்தில் ஒரு நாள் போய் நில்லுங்கள். எத்தனை பவர் மெஷின் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முப்பது பேருக்கு ஐந்து மெஷின் என்றால் வீடு திரும்பிவிடுங்கள். வருகைப் பதிவு மட்டும் நிறையும், கை பழகாது.

கம்பெனி வேலைதான் குறி என்றால், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் பயிற்சித் திட்டம் பக்கத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. அதில் பொதுவாக 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை சேரலாம். உங்கள் குழு அக்கா மூலமாகவே, மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்கிற வட்டார இயக்க மேலாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே தைக்க ஆசை என்றால், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் நல்லது. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முறை இது, இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். முடித்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து, கடன் வாங்க வழிகாட்டுவார்கள். ஆனால் உங்கள் ஊரில் ஏற்கெனவே எத்தனை பேர் தைக்கிறார்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். நான்கு பேர் இருந்தால், ஐந்தாவது ஆளுக்குத் தீபாவளிக்கு மட்டும்தான் வேலை வரும்.

ஒரு வருடம் ஒதுக்க முடியுமானால் அரசு ஐடிஐயும் (தொழிற்பயிற்சி நிலையம்) உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. முடித்தபின் கம்பெனியில் அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) போனால், 2019-ல் திருத்திய விதிப்படி மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். கணவரின் வருமானம் நிலையாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இப்போதைய நிலையில் ஒரு வருடம் கூலி இல்லாமல் இருப்பது உங்களால் ஆகுமா என்பதுதான் கேள்வி.

பயிற்சி இலவசம் என்றாலும் அந்த நாட்களின் கூலி போகும். அதைக் கணக்குப் போடாமல் யாரும் சேர வேண்டாம். நான் பார்த்தவரை பாதியில் நிற்கிற பெண்கள் தொழில் பிடிக்காமல் நிற்பதில்லை. மூன்றாவது வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரண்டு நாள் போகும், அப்புறம் கூச்சப்பட்டு வர மாட்டார்கள். அதனால் சின்னவளை அங்கன்வாடியிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்பதை மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ இப்போதே பேசி வையுங்கள். நடுவில் இரண்டு நாள் தவறினாலும் மூன்றாம் நாள் போய் உட்காருங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தச் செலவு மிச்சம்.

வேலைக்குப் போகிற கம்பெனியில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஷிப்ட் சம்பளமா, தைத்த எண்ணிக்கைக்குத் தருகிற பீஸ் ரேட்டா? ஒன்றரை ஷிப்ட் கட்டாயமா? வேன் உங்கள் ஊருக்குள் வருமா, மெயின் ரோட்டோடு சரியா? பிஎப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதையும் தயங்காமல் கேளுங்கள்.

பெயர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை. அந்த மையத்தில் போன பேட்ச் முடித்த மூன்று பெண்களின் பெயரைக் குழு அக்காவிடம் கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். இப்போது மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்களா, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு பேர் வேலையில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆதார், பாஸ்புக், மதிப்பெண் சான்றிதழ், எல்லாவற்றிலும் நகல் மட்டும் கொண்டு போங்கள்.