எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நான்கு மாதமாக உடம்பெல்லாம் வலி, நெஞ்சில் பாரம், கேஸ் தொல்லை. ராத்திரி 11 மணிக்குப் படுத்தால் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. 6 கிலோ இளைத்துவிட்டேன். ஈசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, சுகர் எல்லாம் நார்மல். மெடிக்கல் ஷாப்பில் தூக்கத்துக்குக் கொடுத்த அல்பிரசோலம் 0.5 மாத்திரையை இரண்டு மாதமாக ராத்திரியில் போடுகிறேன். முதுகு வலிக்கு டைக்ளோபெனாக். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பேன், இப்போது தினமும் ஒரு குவார்ட்டர். வேலையில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். மகளிடம் பேசக்கூடப் பிடிக்கவில்லை. சில நாள், காலையில் எழுந்திருக்காமலேயே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். மனைவி கோயிலுக்குப் போகலாம் என்கிறாள். எனக்குப் பைத்தியமா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா? கம்பெனியில் தெரிந்துவிடுமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: உடம்பு வலி, கேஸ், முதுகு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'எழுந்திருக்காமலேயே போய்விட்டால் தேவலை' என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேச வேண்டியது அதைத்தான். இதுவரை பார்த்த டாக்டர்கள் யாரிடமும் இதை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். இப்படித் தோன்றுகிறது என்று மனைவியிடமோ அண்ணன் தம்பியிடமோ, யாராவது ஒருவரிடம், வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்தது, அல்பிரசோலம் உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் மனைவியின் பொறுப்பில் விட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எண்ணம் எப்போதும் ஒரே அளவில் இருக்காது, அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆபத்தானது எதுவும் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன. எப்படி, எப்போது என்று மனது திட்டம் போட ஆரம்பித்தால் மறுநாள் ஓபிக்காகக் காத்திருக்க வேண்டாம். தனியாக இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரி 3 மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 டெலிமானஸ் எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். எடுத்தவுடன் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், 'தூக்கம் வரலீங்க, மனசு சரியில்ல' என்று ஆரம்பியுங்கள். அதற்கு மேல் அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

பைத்தியம் இல்லை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கடிதத்தில் இருப்பது மனச்சோர்வு நோயின் அடையாளங்கள்தான். எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கம், பசி, எடை கெடுவது, சோர்வு, கவனம் சிதறுவது, தன்மேலேயே குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் என்று ஒன்பது அடையாளங்களை நாங்கள் பார்ப்போம். அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது அநேகமாகத் தினமும் இருக்க வேண்டும். சோகமோ பிடிப்பின்மையோ, இரண்டில் ஒன்று அதில் கட்டாயம். 'சோகம்' என்ற வார்த்தையே உங்கள் கடிதத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். நம்மூர் ஆண்களிடம் இது சகஜம். வலியாக, கேஸாக, கோபமாக, குடியாக வெளிப்படும். அதனால்தான் இந்த நோயாளிகள் முதலில் எலும்பு டாக்டரையும் வயிற்று டாக்டரையும் சுற்றுகிறார்கள். வலி பொய்யில்லை. வலியை மூளையில் மட்டுப்படுத்துகிற செரட்டோனின், நார்அட்ரினலின் என்கிற ரசாயனங்களின் பாதைகளுக்கு மனநிலையிலும் பங்கு உண்டு. அவை சரியாக வேலை செய்யாதபோது சாதாரண முதுகு வலிகூடப் பெரிதாகத் தெரியும்.

இன்னும் எடுக்காத டெஸ்ட் ஏதாவது உண்டா என்றால், தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12, கல்லீரல் டெஸ்ட் ஆகியவை போதும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். மறுபடி ஸ்கேனுக்குச் செலவழிக்காதீர்கள்.

குடியும் அல்பிரசோலமும் தனிக்கதை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். குடித்தவுடன் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் நாலைந்து மணி நேரத்தில் போதை இறங்கும்போது மூளை விறுவிறுப்பாகி எழுப்பிவிட்டுவிடும். உங்கள் 3 மணி விழிப்பில் பாதி நோயினுடையது, பாதி குவார்ட்டருடையது. அல்பிரசோலமும் சாராயமும் சேர்ந்தால் மூச்சை மட்டுப்படுத்தும் என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது ஆபத்து. அதே சமயம், 'இனிமேல் தொடமாட்டேன்' என்று சபதம் போட்டு இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. தினமும் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் அளவு போட்டுக் குறைக்க வேண்டிய விஷயம் இது. நீங்கள் அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளாமல் இந்த வாரமே போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள், மாத்திரை போட்ட பின் வண்டி ஓட்டாதீர்கள்.

எங்கே போவது? திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய், ஓபி சீட்டு போடும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும். பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசில்லை. வெளியே பார்ப்பதானால் எம்.டி. மனநல மருத்துவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உளவியலாளர், கவுன்சிலர் ஆகியோரும் உதவுவார்கள், ஆனால் அவர்கள் மருந்து எழுத முடியாது. உங்கள் நிலைமையில் முதலில் மருத்துவர்தான்.

பெரும்பாலான முதல் சந்திப்புகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கூட்டமான ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 'என்ன தொந்தரவு?' என்று கேட்டதும் பழக்கத்தில் 'கேஸ்' என்றுதான் வாயில் வரும். நிமிடங்கள் அதிலேயே போய்விடும். ஆகவே ராத்திரியே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். இந்த அளவு போதும்:

'4 மாசமா எதுலயும் பிடிப்பு இல்ல. விடியக்காலை 3 மணிக்கு முழிச்சுக்கறேன். 6 கிலோ குறைஞ்சிருக்கு. எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுது, வாரத்துக்கு இத்தனை நாள். தினம் ஒரு குவார்ட்டர், 2 மாசமா அல்பிரசோலம் 0.5, முதுகு வலிக்கு டைக்ளோபெனாக்.'

பேச்சு வராவிட்டால் சீட்டை அப்படியே நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடியைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவே அதைப் பார்த்துத்தான் முடிவாகும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் போலீஸ் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எண்ணத்தைச் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

டாக்டர் உங்களிடம் இன்னொன்றும் கேட்பார், அது சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அபார உற்சாகத்தோடு, கையில் காசு நிற்காமல் செலவழித்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாட்கள் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது உண்டா? யோசித்துப் பதில் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் இது, அபார உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனை நோயின் தாழ்வுக் கட்டமாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த அபார உற்சாகப் பக்கம் தூக்கிவிட்டுவிடலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக ஆரம்பிப்பது எஸ்சிடாலோபிராம் அல்லது செர்ட்ராலின். முதலாவது என்றால் ஒரு வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10 என்று போகும். எடையும் தூக்கமும் குறைந்த உங்களைப் போன்றவர்களுக்கு ராத்திரி மிர்டாசபின் கொடுப்பதும் உண்டு. எது என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும். எஸ்சிடாலோபிராம் போன்றவற்றில் முதல் பத்து நாளில் குமட்டல், தலைவலி, லேசான பேதி, கொஞ்சம் படபடப்பு வரலாம். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். மருந்தின் கெடுதல் முதலில் தெரியும், பலன் பின்னால்தான் தெரியும். அதனால்தான் 'எனக்கு ஒத்துக்கல' என்று பலர் அந்தப் பத்து நாளுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தலைகாட்டவே 2 முதல் 4 வாரம் ஆகும், முழுசாகத் தெரிய 6 முதல் 8 வாரம். வருவதும் ஒரு வரிசையில் வரும். பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் தேறும், அடுத்து சுறுசுறுப்பு, மனநிலை கடைசி. சுறுசுறுப்பு வந்து மனது இன்னும் தேறாத அந்த இடைக்காலத்தில் வீட்டார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 4 வாரத்தில் இம்மியளவும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள் அல்லது மாற்றுவார்கள். முதல் மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை. இரண்டாவதில் தேறுகிறவர்கள் நிறையப் பேர்.

கூச்சப்பட்டு யாரும் கேட்காத ஒன்று: எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் இரண்டிலும் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதோ விந்து வெளியேறத் தாமதமாவதோ நடக்கலாம். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டு. டைக்ளோபெனாக்கை இவற்றோடு சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள், டிரமடால் கண்டிப்பாக வேண்டாம்.

ஆயுசுக்கும் வேண்டியதில்லை. முதல் தடவை வந்த நோய் என்றால், நன்றாகத் தேறிய நாளிலிருந்து 6 முதல் 9 மாதம் அதே அளவில் தொடர்ந்து, பிறகு சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் 2 வருடம், அதற்கு மேல் என்று போகும். இந்த மாத்திரைகளுக்கு ஏங்க மாட்டீர்கள், அளவும் தானாக ஏறாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு வரலாம். பழக்கமாகிற மாத்திரை எது என்று பயப்படுகிறீர்களோ, அது நீங்கள் ஏற்கெனவே இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கும் அல்பிரசோலம்தான்.

மருந்தோடு, தினம் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள், ராத்திரி தூங்கினாலும் தூங்காவிட்டாலும். காலை வெயிலில் 20 நிமிடம் நடங்கள். மதியம் 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். கம்பெனியில் அது கஷ்டம் என்று தெரியும். 3 மணிக்கு விழித்துப் புரண்டுகொண்டே இருக்காமல், 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். மனசு வந்தால் செய்வோம் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் செய்த பிறகுதான் மனசு வரும். வேலையைப் பாதியாக்கி, முடியாவிட்டால் அதையும் பாதியாக்கிச் செய்யுங்கள். மகளோடு பேச வராதா, பேச வேண்டாம். அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். கடன், வேலை மாற்றம் மாதிரி பெரிய முடிவுகளை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

மனைவி கோயிலுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். மருத்துவமனைக்கும் அவரையே கூட்டிப்போங்கள். நீங்கள் கவனிக்காத மாற்றங்களை அவர் சொல்வார். இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். அம்மா, 'உங்களுக்கு என்ன குறைச்சல்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அவரும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். 'இன்னைக்கு அந்த மாதிரி நினைப்பு வந்துச்சா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சுமை இறங்கத்தான் செய்யும்.

கம்பெனிக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. டாக்டரோ மருத்துவமனையோ முதலாளியிடம் சொல்ல முடியாது. அதே சட்டப்படி இன்சூரன்ஸிலும் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும். ஆனால் பல பாலிசிகள் அட்மிஷனுக்கு மட்டும்தான் பணம் தரும், ஓபிக்குத் தராது. ஈஎஸ்ஐ அட்டை இருந்து, பங்களிப்பு நாட்களும் சரியாக இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருடத்தில் 91 நாள் வரை உதவித்தொகை உண்டு. அதற்குச் சான்றிதழ் ஈஎஸ்ஐ மருத்துவர் வழியாக வர வேண்டும். எனவே லீவு எடுப்பதாக இருந்தால், எடுக்கும் முதல் நாளே ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பதிவு செய்துவிடுங்கள்.