குருவி பொது, மதிலுமா பொது?

கேள்வி: பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு ஆறுமணிக் குருவி வந்திருக்கிறது என்று கேமராவோடு நாலு பேர் போனோம். மதில்மேல் ஏறியபோது கொஞ்சம் காரை உதிர்ந்தது, அதற்குப் போய் அந்த வீட்டு அம்மா போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார். பறவை என்ன அவர் சொத்தா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: பறவை அவர் சொத்து இல்லை. மதில் அவர் சொத்து.

விடிந்தும் விடியாமலும் முன்பின் தெரியாத நாலு பேர் முழநீள லென்ஸை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கூப்பிடுவேன் என்று அவர் சொன்னதோடு விட்டாரே, நானாக இருந்தால் கூப்பிட்டே இருப்பேன்.

சரி, அந்தக் குருவி உங்கள் வீட்டுக்கு வராமல் அங்கே ஏன் போனது என்று யோசித்தீர்களா? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதும் உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு என்று இத்தனை நிறம் இருந்தும், அது தேடுவது மரத்தடியில் மக்கிக் கிடக்கிற சருகை. அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்னும். அந்த அம்மா பெருக்கிக் கொளுத்தாமல் விட்ட குப்பைதான் அதற்குச் சோறு. நாமோ வாசல்வரை சிமென்ட் போட்டு மெழுகிவிட்டோம்!

அப்புறம், செல்போனில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுப்பார்களே, அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று இரையை விட்டுவிட்டு அது பதறும்.

கூட்டம் சேர்வது நம் ஊரில் மட்டும் இல்லை. 1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தபால் போடப் போன ஒருவர் கண்ணில் பொன்சிறகுக் கதிர்க்குருவி பட்டது. அமெரிக்கப் பறவை, பத்து கிராம் தேறாது, அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருந்தது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வந்து ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தையும் சுற்றியிருந்த தெருக்களையும் அடைத்துவிட்டார்கள். அந்தத் தெருக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் குருவி எங்கும் ஓடிவிடாது. பிடித்த இடம் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும், பேருக்கு ஏற்றபடி காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். நாளைக்கு ஒருவர் மட்டும் போய் கேட்டைத் தட்டுங்கள். போகும்போது ஒரு கொத்தனாரையும் கூட்டிப் போங்கள்.