மாடுலேட்டட் படிகத்துக்கு (அணுக்களின் இடம் அலைபோல மாறும் படிகம்) எந்த சாஃப்ட்வேர்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் ஒற்றைப் படிகத்தின் டிஃப்ராக்ஷன் (கதிர்ச் சிதறல்) படத்தில் முதன்மைப் புள்ளிகளின் இருபுறமும் மங்கலான சாட்டிலைட் புள்ளிகள் தெரிகின்றன. படிக அமைப்பைக் கணக்கிட எனக்கு ஷெல்எக்ஸ்தான் பழக்கம். அதிலேயே முடிக்கலாமா?

பதில்: சாட்டிலைட்டை விட்டுவிட்டால் ஷெல்எக்ஸ் சராசரி அமைப்பைக் கொடுக்கும். ஆனால் சில அணுக்களின் வெப்ப நீள்வட்டங்கள் நம்ப முடியாத அளவு நீண்டுவிடும். சாட்டிலைட்டையும் கணக்கில் எடுக்க புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எச், கே, எல் என்ற மூன்றுடன் எம் என்ற நான்காவது குறியீடும் வேண்டும். ஷெல்எக்ஸில் அதற்கு இடமில்லை. ப்ராக் நகர இயற்பியல் கழகத்தில் பெட்ரிசெக், டுஷேக், பலாட்டினுஸ் உருவாக்கிய ஜானா இந்த வேலைக்கென்றே இருக்கிறது, அதுவும் இலவசமாக. புதிதாகத் தொடங்குபவர் ஜானா2006-ஐ விட்டு நேராக ஜானா2020-க்கே போகலாம்.

கேள்வி: கியூ வெக்டர் (முதன்மைப் புள்ளியிலிருந்து சாட்டிலைட் விலகியிருக்கும் அளவு) 0.33 என்று வருகிறது. 1/3 என்று வைத்துக்கொள்ளலாமா சார்?

பதில்: அவசரம் வேண்டாம். சாஃப்ட்வேர் தேர்வே இந்த இடத்தில்தான் முடிவாகிறது. கிரைஸ்அலிஸ்ப்ரோவோ ஏபெக்ஸோ, எதில் டேட்டாவைச் சுருக்கினாலும் (படங்களைப் புள்ளிகளின் பட்டியலாக மாற்றினாலும்) முதலில் தலைகீழ் வெளியின் (டிஃப்ராக்ஷன் புள்ளிகள் அமைந்திருக்கும் வெளி) வெட்டுப் படங்களைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் கியூவின் பிழை அளவைப் பாருங்கள். வேறொரு வெப்பநிலையில் அளக்கும்போது மதிப்பு நகர்ந்தால் அது இன்கமென்சுரேட்தான், அதாவது எளிய பின்னமாக அமையாதது. 1/3-லேயே உறுதியாக நின்றால் மும்மடங்கு சூப்பர்செல் (பெரிதாக்கிய அலகு செல்) எடுத்து ஷெல்எக்ஸிலேயே செய்யலாம். ஆனாலும் நான்காவது குறியீட்டையும் சேர்க்கும் சூப்பர்ஸ்பேஸ் வழியில் அளபுருக்கள் பெரும்பாலும் குறையும். என் ஓட்டு அதற்கே.

கேள்வி: மாடுலேஷனின் தொடக்க மாதிரி எங்கிருந்து கிடைக்கும்?

பதில்: சூப்பர்ஃப்ளிப் என்ற புரோகிராமிலிருந்து. அதன் சார்ஜ் ஃப்ளிப்பிங் முறை (எலக்ட்ரான் அடர்த்தியின் குறியைத் திரும்பத் திரும்ப மாற்றி அமைப்பைத் தேடுவது) எத்தனை பரிமாணத்திலும் ஓடும். ஜானாவிலிருந்தே அதை அழைக்கலாம்.

கேள்வி: என்னிடம் பவுடர் டேட்டா (பொடி மாதிரியின் டிஃப்ராக்ஷன்) மட்டும்தான் இருக்கிறது. லேப்டாப்போ லினக்ஸ்.

பதில்: ஆர்கான் ஆய்வகத்தின் ஜிசாஸ்-II லினக்ஸில் ஓடும், 3+1 பரிமாண (மாடுலேஷனுக்காக ஒரு பரிமாணம் கூடுதலான) அமைப்புகளையும் கையாளும். ஆனால் பவுடரில் வலுவற்ற சாட்டிலைட்கள் பின்னணியில் மூழ்கிவிடும். முடிந்தால் எலக்ட்ரான் டிஃப்ராக்ஷன் எடுத்து கியூவைக் கண்டுபிடித்துவிட்டு பவுடருக்கு வாருங்கள். அந்த எலக்ட்ரான் டேட்டாவைச் சுருக்க பெட்ஸ்2 இருக்கிறது.

கேள்வி: நியூட்ரான் டேட்டாவில் காந்த சாட்டிலைட்கள் (அணுக்களின் காந்த ஒழுங்கால் வருபவை) வந்தால்?

பதில்: கியூவைத் தேட ஃபுல்ப்ராஃப் தொகுப்பின் கே-சர்ச் வசதியானது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஐசோடிஸ்டார்ட், அந்தக் கியூவுக்குப் பொருந்தும் சமச்சீர்களை வரிசையாகக் காட்டும். அவற்றை ஜானாவில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை சமமாகப் பொருந்தினால், பவுடரை விட்டு ஒற்றைப் படிகம் வளர்க்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.