வேலே பார்க்கிங்: சாவியை எப்படிக் கொடுப்பது?

வணக்கம் சகோ. சனிக்கிழமை கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயில் ஹோட்டலில் கல்யாண டின்னர், கூட வரும் அம்மாவுக்கு முட்டிவலி, கார் புஷ் ஸ்டார்ட் (பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும்) மைவி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வேலேதான் சரி: வாசலில் சாவியைக் கொடுத்தால் ஹோட்டல் ஆளே காரைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

லாபி வாசலில் நிறுத்தி, கியரை பி-யில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுங்கள். முதலில் அம்மாவை இறக்கிவிடுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

புஷ் ஸ்டார்ட்டில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: ரிமோட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ரிமோட் தூரமானாலும் நிற்காது. பார்க்கிங்கில் அணைத்த பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதனால் ரிமோட்டை வேலே ஆள் கையிலேயே கொடுங்கள், வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டு. திருட்டுக்குப் பயந்து, கார் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ரகசிய சுவிட்ச் பொருத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். டச் அன் கோ டோல் கார்டு, கைப்பை, மொய்க் கவர் எதையும் காரில் விடாதீர்கள்.

காரின் நான்கு மூலையையும் கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் படம் எடுங்கள். வேலே ஆள் தரும் ரசீதுச் சீட்டில் கார் நம்பர் சரியா என்று பாருங்கள். கட்டணம் எவ்வளவு, டின்னர் விருந்தினருக்கு முத்திரை குத்தினால் குறையுமா என்பதை அப்போதே கேளுங்கள். சீருடை இல்லாமல் ரோட்டோரம் கைகாட்டுபவரிடம் சாவி வேண்டாம்.

டின்னர் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே இறங்குவார்கள். இருபது நிமிடம் முன்பே சீட்டைக் கொடுத்துவிடுங்கள். கார் வந்ததும் வாசல் வெளிச்சத்திலேயே ஒரு சுற்றுப் பாருங்கள். கீறல் இருந்தால் நகர்த்தாமல் மேனேஜரைக் கூப்பிடுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.