எர்டிகாவுக்கு முன் டயர் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா? எந்த பிராண்டு நல்லது?

முன் டயர்கள் தேய்ந்துவிட்டன, பின்னால் இருப்பவை "இன்னும் ஓடும்" என்று மெக்கானிக் சொல்கிறார், கையில் காசும் இடிக்கிறது. அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எனக்கும் இதே நிலைதான். வண்டியும் இதே எர்டிகாதான், டயர் அளவு 185/65 ஆர்15.

கோவையில் ஒரு கடையில் இரண்டு டயர் வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலே முன்னால் மாட்டினார். "இழுக்கறதும் முன்சக்கரம், திருப்பறதும் முன்சக்கரம், புதுசு அங்கதான் சார் இருக்கணும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பின் டயர்களில் தேய்மானத்தைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் கட்டையைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. மொட்டை டயர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூன் மாதம் மகளுக்குச் சோறூட்டக் குருவாயூர் கிளம்பினோம். குழந்தையோடு ஏழு பேர். வாளையாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் தண்ணீர் தேங்கி நின்றது. லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் சொன்னபடி திரும்பியது, பின்பக்கம் தன் பாட்டுக்கு வெளியே கிளம்பிவிட்டது. அரை வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி சாலையோரச் சேற்றில் நின்றோம். பின்னால் லாரி எதுவும் வராதது குருவாயூரப்பன் புண்ணியம். மாமியார் மட்டும் "ஊருக்கே திரும்பிடலாமா மாப்ளே" என்று கேட்டார். வண்டியே அந்தப் பக்கம்தானே திரும்பி நிற்கிறது!

காரணம் அப்புறம்தான் புரிந்தது. டயரில் இருக்கும் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. முன்னால் ஆழமான பள்ளம், அது சாலையைப் பிடித்தது. பின்னால் பள்ளம் கொஞ்சம்தான் மிச்சம், அது தண்ணீர் மேலேயே மிதந்தது. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் நம்மைப் போன்றவர்களால் சமாளிக்க முடியாது. இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள் என்று மிச்செலின் போன்ற டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

மழையில் எழுபத்தைந்தில் போனது உன் தப்பு என்பீர்கள். சரி, தப்புதான். "முப்பது வருஷமா முன்னாலதான் போடறேன், ஒண்ணும் ஆனதில்ல" என்பவர்களும் வருவார்கள். அந்த வளைவு வரைக்கும் எனக்கும் ஒன்றும் ஆனதில்லைதான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்தக் கடையைக் காட்டியதே என் மச்சான். இன்றைக்கும் "மாமாவுக்கு பிரேக் பிடிக்கத் தெரியல" என்று விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இவன் ஒருமுறை என் வண்டியை வாங்கிப்போய், ஸ்டெப்னியை மாட்டி, பஞ்சரான டயரை அப்படியே டிக்கியில் போட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைத் தந்தவன். அடுத்த பஞ்சர் நடுராத்திரி அவிநாசி பக்கத்தில் ஆனபோதுதான் எனக்கே தெரிந்தது. பெட்ரோலைப் பற்றி நான் பேசவே இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடிந்தால் நான்கையும் மாற்றுங்கள். 2025 செப்டம்பரில் டயருக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, கொஞ்சம் மிச்சமாகும். முடியாவிட்டால் இரண்டு புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருப்பதை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மாட்டுவதற்கு முன்பே, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1425 என்றால் 2025இன் 14ஆவது வாரத்தில் செய்தது. 22 என்று முடிந்தால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். பிராண்டா? முன்பு எம்ஆர்எஃப், இப்போது அப்பல்லோ. இரண்டுமே எனக்கு நன்றாகத்தான் ஓடுகின்றன.